நெஞ்சைத் திறக்காமல் இதயத் தமனி ஃபிஸ்துலாவை அடைப்பது: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயக் குழாய்களைச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் அறையில் மிஸியாக, அதாவது நர்ஸாக, பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் யாருக்காவது இதய ரிப்போர்ட் கையில் கிடைத்தால் கோயிலிலோ மார்க்கெட்டிலோ என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவற்றில் சிலவற்றில் ‘கரோனரி ஃபிஸ்துலா’ என்று எழுதியிருக்கும். ஒரு வீட்டில் நாளைக்கே ஆபரேஷன் என்று அழுகிறார்கள். இன்னொரு வீட்டில், ஒன்றும் செய்யவில்லையே என்று அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் இதய மருத்துவர்தான் முடிவு செய்வார். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் இந்தப் பக்கம் உதவினால் போதும்.

கரோனரி ஃபிஸ்துலா என்றால் என்ன?

இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. அந்த இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் கரோனரி தமனிகள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனி தொடங்கும் இடத்திலிருந்து வலது, இடது என்று இரண்டு கிளம்புகின்றன. இடது தமனி மறுபடி இரண்டாகப் பிரிகிறது. இவை மெலிந்து மெலிந்து நுண்குழாய்களாகித் தசைக்குள் ரத்தத்தைச் சேர்க்க வேண்டும்.

ஃபிஸ்துலா இருந்தால், அந்தத் தமனியிலிருந்து ஒரு குறுக்குவழி கிளம்பி, தசைக்குப் போகாமல் நேராக இதய அறை ஒன்றிலோ, நுரையீரல் தமனியிலோ, வேறொரு பெரிய ரத்தக் குழாயிலோ போய்த் திறக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு அது இதயத்தின் வலது பக்கத்தில்தான் முடிகிறது. மகாதமனியில் மேல் அழுத்தம் சுமார் 120 என்றால் வலது பக்க அறையில் 25 அளவுதான். அழுத்தம் குறைந்த பக்கம் ரத்தம் ஓடத்தானே செய்யும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பட்டை மேலெல்லாம் பரவி மண்ணில் வழிந்துவிடும். மரம் பால் கொடுக்காமல் இல்லை, கோப்பைக்குத்தான் வந்து சேரவில்லை. இங்கே கோப்பை என்பது இதயத் தசை.

இது மாரடைப்பில் சொல்லும் அடைப்பா? கொழுப்பு சாப்பிட்டதால் வந்ததா?

இல்லை. மாரடைப்பில் குழாய் அடைபடுகிறது. இங்கே குழாய் திறந்திருக்கிறது, போய்ச் சேரும் இடம்தான் தவறு. பெரும்பாலும் இது பிறவியிலேயே இருப்பது. கருவில் இதயம் உருவாகும்போது மூட வேண்டிய சின்னச் சின்ன வழிகளில் ஒன்று மூடாமல் நின்றுவிடுகிறது. சிலருக்குப் பிற்காலத்திலும் வரலாம்: நெஞ்சில் பலத்த அடி, இதய அறுவை சிகிச்சை, இதயம் மாற்றியவர்களுக்குத் தசைத் துண்டு எடுக்கும் சோதனை ஆகியவற்றுக்குப் பிறகு ஏற்பட்டதாகப் பதிவுகள் உண்டு.

தாய்மார்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தபோது பப்பாளி சாப்பிட்டது, கிரகணத்தன்று வெளியே போனது, தோட்டத்தில் வேலைக்குப் போனது, எதுவும் இதற்குக் காரணம் இல்லை. மாமியார் என்ன சொன்னாலும் சரி, அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் இல்லை.

எத்தனை பேருக்கு இருக்கும்?

அரிதானதுதான். பொதுமக்களில் 0.002 விழுக்காடு என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. ஆஞ்சியோகிராம் செய்துகொள்பவர்களில் 0.05 முதல் 0.25 விழுக்காடு வரை காணப்படுகிறது. நம்மவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம், நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோகிராம் செய்பவர்களும் அதிகம். அடைப்பைத் தேடிப் போகும்போது தற்செயலாக இது கண்ணில் படுவது உண்டு.

எனக்கு ஒன்றுமே செய்யவில்லையே மிஸி, இருந்தும் நோய் என்கிறார்களே?

சின்ன ஃபிஸ்துலா உள்ள பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாது. அது உண்மை. ஆனால் ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லை’ என்பதை நான் முழுதாக நம்பமாட்டேன். காரணம், நம் ஆட்கள் மூச்சு வாங்கினால் வயசாகிவிட்டது என்பார்கள், நெஞ்சு அடைத்தால் காற்றுப் பிடிப்பு என்பார்கள், களைப்பு வந்தால் வெயில் என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் குறைத்துக்கொண்டே வந்து, குறைத்ததே தெரியாமல் இருப்பார்கள். போன வருடம் தயங்காமல் ஏறிய மேட்டை இந்த வருடம் எப்படி ஏறுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், அவர் கவனித்திருப்பார்.

பெரிய ஃபிஸ்துலா இரண்டு வகையில் தொல்லை கொடுக்கும். முதலாவது, தசைக்குப் போக வேண்டிய ரத்தம் குறுக்குவழியில் போய்விடுவதால், உடம்பு உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வரலாம். இரண்டாவது, திரும்பத் திரும்ப அதிக ரத்தத்தைச் சுமப்பதால் இதய அறைகள் வீங்கி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், படபடப்பு வரலாம். தமனியும் வருடக்கணக்கில் அதிக ரத்தம் ஓடி ஓடி அகலமாகிவிடும். அப்படி அகன்ற தமனிக்குள் ரத்தம் உறையலாம், கிருமி தங்கி இதய உள்ளுறைத் தொற்று வரலாம். மிக அரிதாக அது வெடிக்கவும் கூடும்.

கைக்குழந்தைக்குப் பெரியதாக இருந்தால் பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டும், குடித்து முடிக்காமலே களைத்துத் தூங்கிவிடும், எடை ஏறாது. இதைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம்.

கிளினிக்கில் இதயத்தில் ‘சத்தம்’ கேட்கிறது என்றார்கள். அது ஓட்டையா?

ஃபிஸ்துலா பல நேரம் அப்படித்தான் முதலில் பிடிபடுகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் இடைவிடாத ஓர் இரைச்சல் கேட்கும். மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, பிறந்த பிறகு மூடாமல் நிற்கும் டக்டஸ் குழாய்க்கும் இதே மாதிரி சத்தம் வரும். அது இடது காறை எலும்புக்குக் கீழே பலமாகக் கேட்கும். ஃபிஸ்துலாவின் சத்தம் பெரும்பாலும் அதைவிடக் கீழே கேட்கும். காதால் மட்டும் பிரித்துச் சொல்வது கடினம், எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) செய்தால்தான் தெரியும். ‘ஓட்டை’ என்று யாரோ சொன்னதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

என்னென்ன சோதனை செய்வார்கள்?

முதலில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும். எக்கோவில் தமனி அகன்றிருப்பது, ரத்தம் எங்கே கொட்டுகிறது, அறைகள் வீங்கியிருக்கின்றனவா என்பவை தெரியும். அடுத்து, தமனிகளுக்கான சி.டி. ஸ்கேன். ஃபிஸ்துலா எங்கே தொடங்குகிறது, எத்தனை வளைவு, எத்தனை வாய், அகலம் என்ன என்று முப்பரிமாணத்தில் காட்டுவது இதுதான். அடைப்பதா, எந்தப் பக்கமாக நுழைவது என்பதெல்லாம் இந்தப் படத்தை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். கடைசியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாக ஆஞ்சியோகிராம். அதில் அறைகளின் அழுத்தத்தையும், எவ்வளவு ரத்தம் வழிதவறிப் போகிறது என்பதையும் அளக்கலாம். உழைக்கும்போது தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்க டிரெட்மில் சோதனையோ வேறு ஸ்கேனோ கேட்கலாம்.

கண்டுபிடித்துவிட்டால் கட்டாயம் அடைக்க வேண்டுமா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் ஒரே வார்த்தையில் பதில் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் கிடையாது.

சின்னது, தொல்லை இல்லை, இதயமும் வீங்கவில்லை என்றால் அதைத் தொடாமல் விடுவதே சரி. குழந்தைகளுக்கு அப்படிப்பட்டவை தானாகவே மூடிக்கொண்டதும் உண்டு. அங்கே கம்பியை விட்டு அடைக்கப் போனால், இல்லாத ஆபத்தை நாமே வரவழைத்ததாகிவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை எக்கோ பார்த்து, பெரிதாகிறதா என்று கண்காணித்தால் போதும்.

பெரியது என்றால், தொல்லை இல்லாவிட்டாலும் அடைப்பதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். நடுத்தர அளவாக இருந்து, நெஞ்சுவலி, தசைக்கு ரத்தக் குறைவு, இதயத் துடிப்பில் கோளாறு, அறை வீக்கம், உள்ளுறைத் தொற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடைக்கச் சொல்வார்கள். இன்றைக்கு இந்த முடிவை ஒரே மருத்துவர் எடுப்பதில்லை. கதீட்டர் செய்பவர், அறுவை மருத்துவர், பிறவி இதயக் கோளாறு தெரிந்தவர் என்று ஒரு குழுவாக உட்கார்ந்து படங்களைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அதனால் உங்கள் கேஸை மீட்டிங்கில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் காத்திருக்கச் சொன்னால், அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த மீட்டிங் உங்கள் நன்மைக்குத்தான்.

இன்னொன்று. சிலருக்கு ஒரே வாயாக இல்லாமல், எண்ணற்ற நுண்ணிய இணைப்புகள் வலைபோட்டுக் கிடக்கும். அடைப்பதற்கென்று ஓர் இடமே இருக்காது. அவர்களுக்கு மாத்திரையும் கண்காணிப்பும்தான் வழி.

நெஞ்சைத் திறக்காமல் எப்படி அடைக்கிறார்கள்?

இந்தக் கோளாற்றை 1865-இல் கிராவுஸே என்பவர் முதலில் விவரித்தார். அறுவை சிகிச்சையில் முதலில் மூடியது 1947-இல், ஸ்வீடனில் பியோர்க்கும் கிராஃபோர்டும். கதீட்டர் வழியாக அடைத்ததைப் பற்றி 1983-இல் ரீடியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். அப்போதிலிருந்து கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. செய்முறையின் அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள தமனியில் ஒரு சின்ன உறைக் குழாயைச் செருகுவார்கள். சிலருக்கு மணிக்கட்டு வழியாகவும் செய்யலாம். உறை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் மகாதமனி வரை ஏறி, கரோனரி தமனியின் வாய்க்குள் நுழையும். சாய மருந்து செலுத்தியதும் எக்ஸ்ரே திரையில் ஃபிஸ்துலா முழுதாகத் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுப்பார்கள்.

அப்புறம் அதற்குள் இன்னும் மெல்லிய குழாயை நுழைத்து, ஃபிஸ்துலா முடியும் இடத்தை ஒட்டிப் போவார்கள். ஏன் அவ்வளவு தூரம்? வழியில் நல்ல கிளைகள் பிரிந்து தசைக்குப் போய்க்கொண்டிருக்கும். அவற்றைத் தாண்டி, கடைசிக் கிளைக்கு அப்பால் அடைத்தால்தான் தசை பட்டினி கிடக்காது. இந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் மருத்துவரின் திறமை முழுதும் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தச் சிகிச்சையில் நோயாளி புரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதுதான்.

சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு குட்டி பலூனை ஊதி, தற்காலிகமாக அடைத்துப் பார்ப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஈ.சி.ஜி.யில் மாற்றம் இல்லை, நெஞ்சு வலிக்கவில்லை என்றால் அந்த இடம் பாதுகாப்பானது. பிறகு கருவியை வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். கசிவு நின்றுவிட்டதா, கிளைகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று உறுதி செய்த பிறகே குழாயை வெளியே எடுப்பார்கள்.

ஃபிஸ்துலா பெரியதாகவோ அதிகம் வளைந்தோ இருந்தால் வேறு வழி உண்டு. தமனி வழியாக ஒரு மெல்லிய கம்பியை ஃபிஸ்துலாவைத் தாண்டி வலது பக்கத்துக்கு அனுப்பி, அங்கே சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்) வழியாக வந்த சுருக்குக் கம்பியால் பிடித்து, தொடைச் சிரை வழியாக வெளியே இழுப்பார்கள். இப்போது உடம்புக்குள் ஒரே கம்பி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். அதன் மேல் பெரிய உறையைச் சிரைப் பக்கமிருந்து ஏற்றி, ஃபிஸ்துலாவின் வாயிலேயே கருவியை வைக்கலாம்.

உள்ளே என்ன வைக்கிறார்கள்?

இரண்டு வகையை அதிகம் பார்க்கலாம். ஒன்று காயில். சுருண்ட மெல்லிய உலோகக் கம்பி, பலவற்றில் நார்கள் இருக்கும், அவற்றில் ரத்தம் உறைந்து வழி அடைபடும். நகர்ந்து போகாமல் இருக்க, ஃபிஸ்துலாவின் அகலத்தைவிட 20 முதல் 30 விழுக்காடு பெரிதாகத் தேர்ந்தெடுப்பார்கள். மற்றொன்று நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் வலையாலான பிளக். அகன்ற ஃபிஸ்துலாக்களுக்கு ஒரே பிளக்கில் வேலை முடியும், காயில் என்றால் பல வைக்க வேண்டியிருக்கும். டக்டஸ் குழாயை மூடும் கருவியையும் சில இடங்களில் பயன்படுத்துவார்கள். ஃபிஸ்துலா தமனியின் பக்கச் சுவரிலிருந்து கிளம்பினால் தமனிக்குள் வைக்கும் வலைக்குழாயான உறையிட்ட ஸ்டென்ட்டும் ஒரு வழி. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறது, பெல்ட் பக்கிள் பட்டால் தோல் அரிக்கிறது என்று நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு அறுவை சிகிச்சைதான் நல்லது?

வாய் பல இருந்தால், மிக அகன்று பலூனாக வீங்கியிருந்தால், அடைக்கும் இடத்தை ஒட்டியே முக்கியமான கிளை இருந்தால், கதீட்டர் போகவே முடியாத அளவு வளைந்திருந்தால், அல்லது வேறு காரணத்துக்காக எப்படியும் இதய அறுவை செய்யப்போகிறார்கள் என்றால். அறுவை என்று சொன்னால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருள் இல்லை. அமைப்பு அப்படி, அவ்வளவுதான்.

கரோனரி தமனியே மகாதமனியில் தொடங்காமல் நுரையீரல் தமனியிலிருந்து தொடங்கும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. அது வேறு நோய், அதற்கு அறுவைதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆபத்து என்ன? மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடையில் ரத்தக் கட்டு, கசிவு: அடிக்கடி வருவது, பெரும்பாலும் தானாகச் சரியாகும். சாயத்தால் ஒவ்வாமை, சிறுநீரகத்துக்குச் சுமை: ஏற்கனவே சர்க்கரையும் சிறுநீரகப் பலவீனமும் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கருவி நழுவி நுரையீரல் தமனிக்குள் போவது: நடந்தால் பெரும்பாலும் சுருக்குக் கம்பியால் பிடித்து எடுத்துவிடுவார்கள். குழாய் பட்டுத் தமனியின் உட்சுவர் கிழிவது, இதயத் துடிப்பு தாறுமாறாவது: அரிது, ஆனால் உண்டு. முழுதாக அடைபடாமல் கொஞ்சம் கசிவு மிஞ்சினால், சிலருக்கு மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கசிவு கருவியில் உரசி ஓடும்போது ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போவதும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மாரடைப்பு. அது அன்றைக்கே வர வேண்டும் என்று இல்லை. ஏன் என்பதைக் கீழே மருந்துப் பகுதியில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வலிக்குமா? எத்தனை நாள் படுக்க வேண்டும்?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் அமைதிப்படுத்தும் மருந்தும் போதும். சாயம் போகும்போது உடம்பில் சூடு பரவும், பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். தொடை வழியாகச் செய்தால் அதற்குப் பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். எழுந்து பாத்ரூம் போக அடம்பிடிப்பவர்கள்தான் ரத்தக் கட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சிக்கல் இல்லையென்றால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கே போக வேண்டும்? செலவு?

முதலில் கிளினிக் கெசிஹாத்தான் என்னும் அரசு சுகாதார கிளினிக், அல்லது நம் ஊர் அரசு மருத்துவமனை. அங்கிருந்து கடிதத்தோடு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இந்த மாதிரி அரிதான கோளாறுக்குப் பிறகு கோலாலம்பூர் ஐ.ஜே.என். (தேசிய இதயக் கழகம்) போன்ற பெரிய இதய மையத்துக்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். 1992-இல் தொடங்கிய ஐ.ஜே.என்.னில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 வெள்ளி என்ற கட்டணம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் உள்ளே வைக்கும் காயில், பிளக் ஆகியவற்றின் விலை வேறு கணக்கு. அதை நோயாளி கட்ட வேண்டி வரலாம். தொகையைக் கேட்டதும் மனசு உடைந்து திரும்பி வந்துவிடாதீர்கள். அதே மருத்துவமனையில் மருத்துவ சமூகநல அதிகாரி இருப்பார். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வீட்டில் எத்தனை பேர் என்ற விவரத்தோடு அவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் அவர் வழியாக விண்ணப்பிக்கலாம். அரசாங்க ஊழியர், ஓய்வூதியம் பெறுபவர், அவர்களுடைய பிள்ளைகள் என்றால், செலவை அரசாங்கம் ஏற்கும் என்ற உறுதிக் கடிதம் கேளுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். உதவி கேட்பது உங்கள் உரிமை.

போவதற்கு முன் என்ன சொல்ல வேண்டும்?

சாப்பிடும் எல்லா மாத்திரையும். நாட்டு மருந்து, கசாயம், பக்கத்து வீட்டார் கொடுத்த பவுடர், டைரக்ட் செல்லிங்கில் வாங்கிய சத்துப் பானம் உட்பட. இவற்றில் சில ரத்தத்தை இளக்கும், சில சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர்கள், சாய மருந்தை ஒட்டி அதை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள், எக்ஸ்ரே கதிர் சம்பந்தப்பட்டது.

என் வீட்டுக்காரர் குலை வெட்டுகிறார். எப்போது வேலைக்குப் போகலாம்?

நடக்க, சமைக்க, கடைக்குப் போக சில நாளில் முடியும். கனமானது தூக்குவதைக் குறைந்தது ஒரு வாரம் தவிர்க்கச் சொல்வார்கள். செம்பனைக் குலை வெட்டுவது சாதாரணத் தூக்கல் இல்லை. அண்ணாந்து நீளக் கம்பைப் பிடித்து இழுத்து, 20 கிலோவைத் தாண்டும் குலைகளையும் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். ‘வேலைக்குப் போகலாமா’ என்று மட்டும் கேட்டால் மருத்துவர் மேசை வேலை என்று நினைத்துச் சரி என்பார். என்ன வேலை, எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் என்று விளக்கிச் சொல்லி, மருத்துவ விடுப்புக் கடிதத்திலும் இலகு வேலை என்று எழுதித் தரக் கேளுங்கள். மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) வாய்ப்பேச்சு எடுபடாது, கடிதம் எடுபடும்.

அடைத்தாயிற்றே, இன்னும் ஏன் மாத்திரை?

மேலே சொன்ன மாரடைப்பு விஷயம் இதுதான். ஃபிஸ்துலா இருந்த வரை அந்தத் தமனியில் ரத்தம் வேகமாக, அதிகமாக ஓடியது. அதனால் தமனி அகன்றது. இப்போது குறுக்குவழியை மூடிவிட்டோம். அகலம் உடனே சுருங்காது, ஆனால் ஓட்டம் திடீரென்று குறைந்துவிட்டது. அகன்ற குழாயில் மெதுவாக ஓடும் ரத்தம் உறையும் தன்மை கொண்டது. உறைந்த கட்டி பின்னோக்கி வளர்ந்து, நல்ல கிளையின் வாயை மூடினால் மாரடைப்பு. பெரிய ஃபிஸ்துலாக்களிலும், இதயத்தின் பின்புறமுள்ள கரோனரி சைனஸ் என்னும் சிரையில் போய் முடிபவற்றிலும் இந்த அபாயம் கூடுதல்.

அதனால்தான் ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். தமனி மிகவும் அகன்றிருந்தால் வார்ஃபரின் போன்ற வலுவான மருந்தும் சேரும். வார்ஃபரின் என்றால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும், கீரை வகைகளை ஒரே சீராகச் சாப்பிட வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை மட்டும், அடுத்த வாரம் கீரையே இல்லை என்றால் அளவு மாறிப்போகும்.

நன்றாக இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது என்னை இன்றும் வருத்துகிறது. நன்றாக இருப்பது மாத்திரையால்தான். எப்போது நிறுத்துவது என்பதை எக்கோவும் சி.டி.யும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கண்காணிப்பும் முதல் வருடத்தோடு முடிந்துவிடாது. மூடிய ஃபிஸ்துலா மறுபடி திறப்பதும் உண்டு, அகன்ற தமனி பல வருடங்கள் அப்படியே இருப்பதும் உண்டு. வேலை மாறி வேறு ஊருக்குப் போனால் உங்கள் மருத்துவ ஃபைலையும் அந்த ஊர் மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பல் பிடுங்கலாமா?

கருவி வைத்து முதல் 6 மாதம், ரத்தம் வரக்கூடிய பல் வேலைக்கு முன் கிருமித் தடுப்பு மருந்து தேவை. கருவியை ஒட்டிக் கசிவு மிஞ்சியிருந்தால் அதற்குப் பிறகும் தேவைப்படலாம். பல் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முடிந்தால் சிகிச்சைக்கு முன்பே சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிடுவது இன்னும் நல்லது.

தைப்பூசத்துக்கு வேண்டுதல் இருக்கிறது. காவடி எடுக்கலாமா, அலகு குத்தலாமா?

ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி வருகிறது. வேண்டுதலை மதித்தே பதில் சொல்கிறேன். முதல் 6 மாதத்தில் அலகு குத்துவது வேண்டாம். அதுவரை கருவியின் மேல் உடம்பின் சொந்தத் திசு முழுதாகப் படர்ந்திருக்காது, தோல் வழியாக ரத்தத்தில் நுழையும் கிருமி அதில் போய் ஒட்டிக்கொள்ளலாம். வார்ஃபரின் சாப்பிடும் வரை எந்த மாதத்திலும் வேண்டாம், ரத்தம் நிற்காது. அதற்கு அப்பால் உள்ளவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

பால்குடம் எடுப்பது, ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு நடப்பது எல்லாம் உங்கள் இதயத்தின் நிலையைப் பொறுத்தது, பலருக்கு அனுமதி கிடைக்கும். விரதம் இருந்தாலும் மாத்திரையை விடக்கூடாது. மாத்திரைக்காக ஒரு வாய் சாப்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். பிள்ளை பெறலாமா?

பெரும்பாலோர் பெறலாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடிவிடும். பெரிய ஃபிஸ்துலாவை அடைக்காமல் வைத்திருந்தால் இதயத்துக்கு அந்தச் சுமை கடினம். அதனால் கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, அடைக்க வேண்டுமானால் அடைத்துவிட்டு, மருந்தையும் மாற்றிக்கொள்வதுதான் முறை. வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கச் சொல்லும் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மறைத்த பெண், மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டும், செக்கப்புக்கும் பொய் சொல்லிப் போக வேண்டும். அந்த நிலைமைக்குப் பிள்ளையைத் தள்ளாதீர்கள்.

உள்ளே உலோகம் இருக்கிறதே, எம்.ஆர்.ஐ., விமான நிலைய ஸ்கேனர்?

விமான நிலையத்தில் பிரச்சினை இல்லை. இப்போது வைக்கும் பெரும்பாலான கருவிகளோடு, உரிய நிபந்தனைகளின்படி எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கருவியின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையைக் கொடுப்பார்கள். அதைப் போனில் படம்பிடித்து வையுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல்: 999. தோட்டத்து லோரிக்கோ மகன் வேலையிலிருந்து வருவதற்கோ காத்திருக்காதீர்கள். தொடையில் குத்திய இடத்திலிருந்து ரத்தம் பீறிட்டால் படுக்க வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். காய்ச்சல் பல நாள் விட்டுவிட்டு அடித்தால், கடையில் ஆண்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் மருத்துவமனைக்குப் போய் ‘இதயத்தில் கருவி இருக்கிறது’ என்று சொல்லுங்கள். மருந்து ஆரம்பிக்கும் முன் ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்போது எதைக் கேட்பது? உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடுகிறது.

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் ஃபிஸ்துலா எந்தத் தமனியில் தொடங்கி எங்கே முடிகிறது? சின்னதா, நடுத்தரமா, பெரியதா? என் இதயம் வீங்கியிருக்கிறதா? அடைக்காமல் விட்டால் என்ன, அடைத்தால் என்ன? உங்கள் குழு இதை இதற்கு முன் செய்திருக்கிறதா? கருவியின் விலையை யார் கட்டுவது? எத்தனை நாள் எந்த மாத்திரை? அடுத்த எக்கோ எப்போது?

மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசச் சங்கடமாக இருந்தால், படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துப் போங்கள், அல்லது தமிழ் தெரிந்த மிஸியைக் கூப்பிடச் சொல்லுங்கள். பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கி, ஆஞ்சியோகிராம் சி.டி. தட்டோடும் எக்கோ ரிப்போர்ட்டோடும் ஒரே கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.